மூக்குப்பொத்திக்கு ஒரு நாற்காலி

பால் பொங்கி வழிந்து, அடுப்பு அணைந்து, காஸ் வாடை சமையலறை முழுக்கப் பரவிவிட்டது. மேடம் கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“என்னங்க! இன்னும் ஒண்ணுகூட வரல!”

பால்கனியிலிருந்து கணவர் ஓடிவந்து காஸை மூடினார், ஜன்னலைத் திறந்தார், பிறகு நிதானமாகக் கேட்டார்.

“எது வரல? தீயணைப்பு வண்டியா?”

“கமென்ட்!”

“அதானே பார்த்தேன்” என்றவர், பாத்திரத்தில் மிஞ்சிய பாலை எட்டிப் பார்த்தார். ஒருவருக்குத்தான் தேறும். அதைக் காபியாகக் கலந்து மனைவி கையில் கொடுத்துவிட்டு மறுபடி பால்கனிக்குப் போனார்.

மேடம் பல்கலைக்கழகத்தில் வரலாறு நடத்துகிறவர். பண்டைய நகரங்களின் வடிகால்கள்தான் அவருடைய ஆராய்ச்சி. மாணவர்கள் நேரில் ‘வடிகால் மேடம்’ என்பார்கள், முதுகுக்குப் பின்னால் ‘சாக்கடை மேடம்’ என்பார்கள். இரண்டுமே அவருக்குத் தெரியும், இரண்டிலும் அவருக்கு வருத்தமில்லை. வருத்தமெல்லாம் ஒன்றே ஒன்றுதான். இருபது வருஷமாக அவர் இணைப் பேராசிரியர். பேராசிரியர் நாற்காலி இப்போதுதான் காலியாகியிருந்தது. இதை விட்டால் அடுத்த நாற்காலி காலியாவதற்குள் அவர் ஓய்வு பெற்று, பால்கனியில் கணவருக்குப் பக்கத்தில் உட்கார வேண்டியதுதான்.

படிப்பு, அனுபவம், புத்தகம் எல்லாவற்றிலும் அவர்தான் முதலிடம். ஆனால் புதிதாக வந்த துணைவேந்தர் குறுக்கே ஒரு கட்டையைப் போட்டுவிட்டார். “வகுப்பறைக்கு நாலு சுவர் போதாது! பாடம் ஊர் வாயில விழணும்!” என்று முதல் கூட்டத்திலேயே மேஜையைக் குத்தினார். விண்ணப்பிக்கிறவர்கள் எல்லோரும் இணையத்தில் பக்கம் தொடங்கிப் பாடம் நடத்த வேண்டும். எத்தனை பேர் பேசுகிறார்கள் என்பதைப் பார்த்து மதிப்பெண்.

மேடமும் ‘வடிகால் வகுப்பு’ என்று ஒரு பக்கம் தொடங்கி, செங்கல் கால்வாய்களின் சரிவு விகிதம் குறித்து முக்கால் மணி நேர வீடியோ போட்டார். அதைப் பார்த்தவர்கள் எண்ணிக்கை மெல்ல ஏறியது. ஏற்றியது முழுக்க அவரேதான், சரியாக ஓடுகிறதா என்று திரும்பத் திரும்பத் திறந்து பார்த்ததில்.

அதே நாற்காலிக்கு விண்ணப்பித்திருந்த பக்கத்து அறைக்காரர் ‘ரீல்ஸ் சார்’. துடைப்பக்கட்டையை வாளாகச் சுழற்றிக்கொண்டே அரை நிமிஷத்தில் ஒரு போரை முடித்துவிடுவார். அவர் பக்கத்தில் லைக் மழையாகக் கொட்டிற்று.

“நான் போய் துடைப்பத்தைச் சுத்த முடியுமா?” என்று பால்கனி வாசலில் நின்று மேடம் பொருமினார்.

“நீ வீட்டிலயே சுத்தினதில்லையே, டீச்சர்” என்றார் கணவர். கல்யாணமான நாளிலிருந்து மனைவியை அவர் ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார்.

“கிண்டல் வேற! எனக்கு இங்க வயிறு எரியுது.”

“சரி சரி. யாராவது கேள்வி கேட்டாத்தானே பேச்சு வளரும்? ஒருத்தரும் கேக்கலைன்னா நீயே கேளேன். வேற பேர்ல.”

மேடம் ஒரு நிமிஷம் அதிர்ந்தார். இருபது வருஷம் மாணவர்கள் காப்பியடிப்பதைப் பிடித்தவர் இதைச் செய்யலாமா? இரண்டாவது நிமிஷம், “என்ன பேர் வைக்கலாம்?” என்று கேட்டார்.

சாக்கடையைப் பற்றிக் கேட்கிறவன் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வருவான் என்பதால் ‘மூக்குப்பொத்தி’ என்று முடிவாயிற்று. ஒரு எண்ணில் ஒரு கணக்குத்தான் தொடங்கலாம் என்று இணையதளம் சொன்னதால் கணவரின் எண்ணைக் கொடுத்தார்கள். அதனால் மேடம் தன் கணக்கிலிருந்து வெளியேறி மூக்குப்பொத்தியாக மாறும்போதெல்லாம் கணவரின் போனுக்கு ஓ.டி.பி. போகும். பாத்திரம் கழுவும்போதும், ஆசிரியர் அறையிலிருந்தும், ஒரு முறை பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடியும், “என்னங்க, நம்பர் சொல்லுங்க!” என்று கேட்டிருக்கிறார்.

அந்த போனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கணவர் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் மேற்பார்வையாளராக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றவர். அவர் லிஃப்டை விட்டாலும் லிஃப்ட் அவரை விடவில்லை. போன் அடித்தால், “டிங்! கதவு மூடுகிறது. தயவுசெய்து விலகி நிற்கவும்” என்று ஒரு பெண்குரல் அதட்டும். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் ஒரு முறை அது அடித்து, சுற்றி நின்ற அத்தனை பேரும் விலகி நின்றுவிட்டார்கள். மாற்றுங்கள் என்று மேடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். நாள் முழுக்க அவர் அந்தப் போனைப் பார்த்துத் தனக்குத் தானே சிரித்துக்கொண்டிருப்பார். எதைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று மேடம் கேட்டதில்லை. கேட்க அவருக்கு நேரமேது?

மூக்குப்பொத்தியின் முதல் கேள்வியை மேடம் மிகுந்த சிரத்தையோடு எழுதினார். “மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, பண்டைய வடிகால்களின் சரிவு விகிதம் எவ்வாறு கணிக்கப்பட்டது என்பதை அன்புகூர்ந்து விளக்க வேண்டுகிறேன்.” எழுதிவிட்டு வகுப்புக்குப் போனார்.

மத்தியானம் திறந்து பார்த்தால் அவர் எழுதியதைக் காணோம். அந்த இடத்தில் இது இருந்தது: “அந்தக் காலத்துல ஓடின சாக்கடை சரிங்க மேடம். எங்க தெருவுல நிக்கிற சாக்கடை எப்போ ஓடும்?”

கீழே கமென்ட் குவிந்து கிடந்தது.

மேடம் அரண்டுபோய் வீட்டுக்குப் போன் செய்தார். “என்னங்க, நான் எழுதினது வேற, வந்திருக்கிறது வேற!”

“ஏதாவது பட்டனை அமுக்கியிருப்பே.”

மேடம் போனைத் துழாவினார். ‘எழுத்தை மெருகேற்று’ என்று ஒரு வசதி தன்பாட்டில் வேலை செய்துகொண்டிருந்தது. இப்போதெல்லாம் போனே எழுதித் தருகிறது என்று ரீல்ஸ் சார் ஒரு கூட்டத்தில் சொன்னது ஞாபகம் வந்தது.

“இந்த இயந்திரத்தோட வேலைதான். அணைச்சிடட்டுமா?”

“கமென்ட் வருதில்ல? இருக்கட்டுமே.”

இருக்கட்டும் என்று விட்டதுதான் வினையாகிவிட்டது. மேடம் தன் சொந்தப் பெயரில் பக்கம் பக்கமாகப் பதில் எழுதினார். அதை யாரும் படிக்கவில்லை. எல்லோரும் மூக்குப்பொத்தி அடுத்து என்ன சொல்லப்போகிறான் என்று காத்திருந்தார்கள். மேடம் ஒன்று எழுதுவார், போன் அதை மெருகேற்றி வேறொன்றாக வெளியிடும், ஊர் சிரிக்கும். பத்தே நாளில் மூக்குப்பொத்திக்கு ரீல்ஸ் சாரைவிடக் கூட்டம் சேர்ந்துவிட்டது. மேடத்தின் பக்கத்துக்கு மேடமே விருந்தாளி போல ஆனார்.

துறைத் தலைவர் வராந்தாவில் பிடித்து நிறுத்தினார். “மேடம், தப்பா நினைக்காதீங்க. அந்த மூக்குப்பொத்தி கேக்கிறதுல நியாயம் இருக்கு. உங்க பதில்தான் கொஞ்சம் கொழகொழன்னு இருக்கு.”

மேடத்துக்குச் சுருக்கென்றது. அந்தக் கேள்வியும் நான்தான், பதிலும் நான்தான் என்று கத்தலாம் போலிருந்தது. அறைக்குள் போய் நடந்தார். ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவில் நடந்து நடந்து தரைவிரிப்பே மடங்கிப் போயிற்று. தான் பெற்ற பிள்ளைமீது இப்படிப் பொறாமை வருமா? வந்தது. நன்றாகவே வந்தது.

“இவனை என்னைப் பாராட்ட வெச்சிடறேன்” என்று அன்று சாயங்காலம் வீட்டில் அறிவித்தார். “அப்புறம் ஊரே என்னைப் பாராட்டும். நம்பர் சொல்லுங்க!”

கணவர் சொன்னார். மேடம் மூக்குப்பொத்தியாக மாறி எழுதினார்: “பேராசிரியர் அவர்களின் வகுப்பை முழுமையாகக் கேட்டேன். மிகவும் அருமை.”

ஊர் கொதித்தது. மூக்குப்பொத்தியை மேடம் விலைக்கு வாங்கிவிட்டார் என்றார்கள். இல்லை, மிரட்டிவிட்டார் என்றார்கள். துணைவேந்தருக்குப் புகார் எழுதப்போவதாக ஒருவர் சபதம் எடுத்தார். மேடம் குளித்துவிட்டு வருவதற்குள் மூக்குப்பொத்தியின் பெயரில் இன்னொரு வரி சேர்ந்திருந்தது: “யாரும் என்னை மிரட்டல. முழு வகுப்பையும் கேட்டேன். மயக்கம் தெளிஞ்சதும் மிச்சத்தைச் சொல்றேன்.”

“ஐயோ! நான் எழுதாததையும் எழுதுதுங்க இது!” மேடம் ஈரத்தலையோடு நின்றார். “மயக்கமாம்! என் பாடத்தைக் கேட்டு மயக்கமாம்!”

பால்கனியில் கணவருக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “டீச்சர், உன் பாடத்தை முப்பது வருஷமா சாப்பாட்டு மேஜையில நான் கேக்கிறேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே” என்றார்.

“நீங்க எங்க கேட்டீங்க? தலையை மட்டும்தான் ஆட்டுவீங்க.”

கணவர் அதற்கும் தலையை மட்டும்தான் ஆட்டினார்.

போதும் போதும் என்றாகிவிட்டது மேடத்துக்கு. மறுநாள் காலை மூக்குப்பொத்தியாக நுழைந்தார். மெருகேற்றும் வசதியை முதலில் அணைத்தார். “இத்துடன் விடைபெறுகிறேன். வணக்கம்” என்று எழுதினார். எழுதிய கையோடு அந்தக் கணக்கிலிருந்து வெளியேறினார். அப்பாடா என்று ஒரு பெருமூச்சு விட்டு வகுப்புக்குப் போனார்.

வகுப்பறை நிரம்பி வழிந்தது. இருபது வருஷத்தில் முதல் முறையாக உட்கார இடமில்லாமல் பின்சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்கள். மேடத்துக்கு ஒரு கணம் நெஞ்சு நிறைந்துவிட்டது. பிறகுதான் பார்த்தார். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் இரண்டு விரலால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

“என்ன இது?”

முதல் வரிசைப் பெண் எழுந்தாள். மூக்கை விடாமலே பேசினாள். “மேடம், மூக்குப்பொத்தியை ஏன் விரட்டினீங்க?”

“நானா விரட்டினேன்? அவனாத்தான் போனான்!”

“அவர் திரும்பி வர்ற வரைக்கும் நாங்க கையை எடுக்க மாட்டோம் மேடம்.”

மேடம் வருகைப் பதிவு எடுத்தார். ஒவ்வொருவரும் அடைத்த குரலில் “உள்ளேன்” என்றார்கள். ஜலதோஷம் பிடித்த பட்டாளத்துக்குப் பாடம் நடத்துவது போலிருந்தது. சாயங்காலத்துக்குள் நூலகம், கேன்டீன், பேருந்து நிறுத்தம் எல்லா இடத்திலும் மூக்கைப் பொத்திக்கொண்டு படம் எடுத்துப் போட்டார்கள். ரீல்ஸ் சாரும் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வீடியோ போட்டார்.

மேடம் தலையில் கைவைத்துக்கொண்டு மூக்குப்பொத்தியின் பக்கத்தைப் பார்த்தார். அங்கே புதிதாக ஒரு வரி: “மூச்சு முட்டுது, கையை எடுங்கப்பா. நான் எங்கயும் போகல.”

அவர் எழுதவில்லை. கணக்கில் இருந்து வெளியேறியாயிற்று. மெருகேற்றும் வசதியை அணைத்தாயிற்று. ஒருமுறை பழகிவிட்டால் இயந்திரம் தானாகவே ஓடும்போலிருக்கிறது என்று நினைத்து மேடம் போனைக் கவிழ்த்து வைத்தார். அதற்குமேல் யோசிக்க விடாமல் துணைவேந்தர் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது.

துணைவேந்தர் உற்சாகத்தில் நாற்காலியில் உட்காரவே இல்லை.

“மேடம்! இதைத்தான் நான் கேட்டேன்! ஊரே நம்ம பல்கலைக்கழகத்தைப் பத்திப் பேசுது!”

மேடத்துக்கு உயிர் வந்தது. “ரொம்ப நன்றி சார். அப்போ அந்தப் பேராசிரியர் பதவி...”

“அதான் சொல்ல வந்தேன். அதை மூக்குப்பொத்திக்குக் கொடுக்கப் போறேன்.”

“சார்?”

“யாரோ, எவரோ, எனக்குக் கவலையில்ல. பட்டம் இருக்கா, இல்லையா, கவலையில்ல. தகுதியைத் தளர்த்த எனக்கு அதிகாரம் இருக்கு. சாக்கடையைப் பத்தி ஊரைப் பேச வைக்கிற ஆள் இந்த மனுஷன் ஒருத்தர்தான். திங்கக்கிழமை காலையில வந்து, நான்தான்னு நிரூபிச்சுட்டு ஆர்டர் வாங்கிக்கட்டும். இன்னைக்கே அறிவிக்கிறேன்.”

“சார், சாக்கடையைப் பத்தி இருபது வருஷமா பேசறது நான்!”

“நீங்க பேசறீங்க மேடம். அவர் கேட்க வைக்கிறார்” என்று கைகுலுக்கி அனுப்பிவிட்டார்.

மேடம் வீடு வந்து சேர்ந்தது எப்படியென்று அவருக்கே தெரியாது. செருப்பைக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டார். அந்த நாற்காலிக்காக அவர் இழந்த விடுமுறைகளும், போகாத கல்யாணங்களும், மகளின் பிரசவத்துக்குக் கொண்டுபோன விடைத்தாள் கட்டும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருக்கும் முகம் வாடிப்போயிற்று.

“அழாதே டீச்சர். அந்தப் பதவி நம்ம வீட்டுக்குத்தான் வரும்.”

“எப்படிங்க வரும்?”

“வரும். நான் சொல்றேன்ல?”

அந்த ஒரு வார்த்தையில் மேடத்துக்குச் சட்டென்று தெளிவு பிறந்தது. ஆமாம், வரத்தானே வேண்டும்! மூக்குப்பொத்தி வேறு யார்? தானேதானே! வெட்கத்தை விட்டு ‘அது நான்தான்’ என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஊர் நாலு நாள் சிரிக்கும். சிரிக்கட்டும். நாற்காலி கிடைக்கும்.

திங்கட்கிழமை காலை கணவர் மேடத்துக்கு முன்பே எழுந்து, சவரம் செய்து, ஓய்வுபெற்ற விழாவுக்குப் பிறகு தொடாத சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

“எங்க கிளம்பிட்டீங்க?”

“ஒரு வேலை இருக்கு. முடிஞ்சா சாயங்காலம் உனக்கு ஒரு நல்ல சேதி.”

என்ன வேலை என்று கேட்கும் நிலையில் மேடம் இல்லை. தன் வாயால் எப்படி ஒப்புக்கொள்வது என்று கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். பேருந்தில் ஒத்திகை பார்த்தார். துணைவேந்தர் அலுவலகத்துப் படியில் ஏறும்போதும் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

அறைக்கு வெளியே உதவியாளர் கணினி முன் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார். மேடம் நேராகப் போய் நின்று, ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

“மூக்குப்பொத்தி நான்தான்.”

உதவியாளர் கொட்டாவியை மென்றார். “உட்காருங்க மேடம். நீங்க அஞ்சாவது ஆள்.”

“என்னது?”

“முதல்ல உங்க துறைத் தலைவர் வந்தார், அவர்தான்னு. அப்புறம் ரீல்ஸ் சார், துடைப்பத்தோட. அப்புறம் கேன்டீன் மேனேஜர்கூட வந்துட்டார். நாலாவதா...”

“அவங்க எல்லாரும் புளுகறாங்க!” மேடம் மேஜையைத் தட்டினார். “முதல் எழுத்திலிருந்து அது என்னுடையது. இருபது வருஷம் உழைச்சவ நான். நீங்க என்ன வேணா நிரூபிக்கச் சொல்லுங்க!”

“சுலபம்தான் மேடம்.” அவர் கணினியை மேடம் பக்கம் திருப்பினார். “அந்தக் கணக்குக்குள்ள போங்க. ஓ.டி.பி. வரும். வந்தா நீங்க, வரலைன்னா இல்ல. துணைவேந்தரோட ஏற்பாடு.”

மேடம் முகத்தில் வெற்றிப் புன்னகை படர்ந்தது. விறுவிறுவென்று தட்டினார். திரையில் ஆறு கட்டங்கள் வந்து நின்றன. எண் கணவருடைய போனுக்குப் போயிருக்கும். அவர் எந்த வேலையில் இருந்தாலும் இதற்குப் பதில் சொல்லாமல் இருக்க மாட்டார். இத்தனை நாளும் ஒரு முறைகூட அவர் சலித்துக்கொண்டதில்லை. அந்த மனுஷனுக்கு ஒரு நன்றிகூடச் சொன்னதில்லையே என்று அப்போதுதான் மேடத்துக்கு உறைத்தது. இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும்.

“ஒரு நிமிஷம்” என்று உதவியாளரிடம் சொல்லிவிட்டு, கணவரின் எண்ணை அழுத்திப் போனைக் காதில் வைத்தார்.

துணைவேந்தரின் மூடிய அறைக்குள்ளிருந்து மணி அடித்தது.

“டிங்! கதவு மூடுகிறது. தயவுசெய்து விலகி நிற்கவும்.”

மேடம் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். கதவைப் பார்த்தார். “என்னங்க!” என்று அவர் போட்ட சத்தத்தில் உதவியாளர் பதறி எழுந்து உதட்டில் விரலை வைத்தார்.

“உஷ்! மெதுவா மேடம். உள்ளே பேராசிரியர் சார் ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுட்டிருக்கார்.”